உயிர் தப்பியவரின் சொல்லைப் பதிவு செய்வோம்

(கொல்கத்தாவில் தொழிற்சங்க ஊழியர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



கொல்கத்தா, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதர்களைச் சாக்கடைக்குள் இறக்குவதை உச்சநீதிமன்றம் 2025 ஜனவரி 29 அன்று தடை செய்தது. நான்கே நாட்களில், பிப்ரவரி 2 அன்று, இந்நகரின் விளிம்பிலுள்ள பந்தலா தோல் தொழிற்பேட்டையில் மூன்று தொழிலாளர்கள் பாதாளச் சாக்கடைக்குள் மாண்டனர். 2021 பிப்ரவரியில் இதே நகரின் குட்காட் பகுதியில் நால்வர் இவ்வாறே மாண்டிருந்தனர். இடையில் கழிந்தவை நான்கு ஆண்டுகள். முதல் சாவுகள் புகட்டிய பாடம் எங்கே போயிற்று?

சாக்கடையில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அழுகிய முட்டைபோல் நாறும். செறிவு மிகும்போதோ மூக்கு மரத்துப்போகும், நாற்றம் தெரியாது. நாற்றம் அடங்கியதென நம்பி இறங்கியவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்கும் சக தொழிலாளியும் விழுகிறார். இத்தகைய சாவுகள் இரண்டு, மூன்று என நேர்வது இதனால்தான்.

தலைசுற்றி, நூலிழையில் உயிர் தப்பி மேலேறியவர்கள் இதை அறிவார்கள். அந்த அறிவு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. வாய் திறந்தால் மறுநாள் ஒப்பந்தக்காரர் வேலை தரமாட்டார். மரணம் நேர்ந்தால் இழப்பீட்டோடு கோப்பு மூடப்படுகிறது.

போபால் பேரழிவுக்குப் பின், 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான தொழில்களில் தொழிலாளர்களும் நிர்வாகமும் சமமாக அமரும் பாதுகாப்புக் குழு கட்டாயமாயிற்று. உடனடி ஆபத்தை எச்சரிக்கும் உரிமையும் தொழிலாளிக்குக் கிடைத்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்போ, அத்தகைய குழுவை அரசின் ஆணையைப் பொறுத்ததாக ஆக்கிவிட்டது. தினக்கூலிக்குச் சாக்கடை அடைப்பு நீக்கும் தொழிலாளியோ அன்றும் எந்தக் குழுவிலும் இடம்பெறவில்லை.

எனவே, நமது கடமை தெளிவானது. ஒவ்வொரு கிளையும் ஒரு பதிவேடு தொடங்கட்டும். உயிர் தப்பிய ஒவ்வொரு நிகழ்வையும், எந்தக் குழி, எந்த நேரம், என்ன கருவி இல்லை என்ற விவரங்களோடு எழுதுங்கள். சொன்னவரின் பெயர் வெளியே வரக்கூடாது. சங்கத்தின் பெயரில் மாநகராட்சியிடமும் முதன்மை நிர்வாகத்திடமும் எழுத்துபூர்வமாகக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். இயந்திரத்தால் அடைப்பு நீக்கும்படி வற்புறுத்துங்கள். சுவாசக் கருவியின்றி மீட்கவும் இறங்கக் கூடாதென்பதை ஒவ்வொரு தொழிலாளிக்கும் பயிற்றுவியுங்கள்.

பின்னர் “எங்களுக்குத் தெரியாது” என்று எந்த நிர்வாகமும் கைகழுவ முடியாது. அடுத்தவர் இறங்குமுன் இதைச் செய்து முடிப்போம்!