கெல்லர் துவாரத்தை அடைக்கும் முன்

குளிர்காலம் நெருங்கினால் சுவிஸ் வீடுகளில் ஒரு வேலை தவறாமல் நடக்கும். குளிர் புகும் இடமெல்லாம் தேடித் தேடி அடைப்பார்கள். யன்னல் விளிம்புக்கு ரப்பர் பட்டி, கதவடிக்குச் சுருட்டிய துணி. அப்படியே கெல்லர் என்ற நிலவறைக்கு இறங்கிப் பார்த்தால், ஹீட்டிங் அறைச் சுவரில் கம்பிவலை போட்ட ஒரு துவாரம் திறந்தே இருக்கும். சில்லென்று காற்று வரும். கட்டியவர்கள் மூட மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, கையில் கிடைத்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அதையும் அடைத்துவிடுகிறவர்கள் உண்டு.

கட்டியவர்கள் எதையும் மறக்கவில்லை. எரிவாயுக் கொதிகலனுக்கு வேண்டிய காற்று அந்த வழியாகத்தான் வருகிறது.

ஒரு சின்னக் கணக்கு. 1 கன மீற்றர் இயற்கை எரிவாயு முழுமையாக எரிவதற்குச் சுமார் 10 கன மீற்றர் காற்று வேண்டும். தனி வீடொன்றில் இருக்கும் 20 கிலோவாட் கொதிகலன் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 2 கன மீற்றர் எரிவாயுவை எரிக்கும். அதற்கு 20 கன மீற்றருக்கு மேல் காற்றுப் போகும். 3 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமும் உள்ள படுக்கையறை ஒன்றில் நிறைந்திருக்கும் காற்று அவ்வளவுதான். அத்தனையையும் ஒரு மணி நேரத்தில் அது குடித்துவிடுகிறது. வெளியிலிருந்து புதுக்காற்று வராவிட்டால் எரிவாயு அரைகுறையாக எரியும். அப்போது பிறப்பதுதான் காபன் மொனொக்சைட்டு.

இதற்கு நிறமில்லை, மணமில்லை. குழாய் கசிந்தால் தெரியட்டும் என்று எரிவாயுவில் வேண்டுமென்றே நாற்றம் கலக்கிறார்கள். அதனால் மூக்கை நம்பிப் பழகிவிட்டோம். எரிந்த பின் வரும் இந்த வாயுவிடம் மூக்கு தோற்றுவிடும். சாதாரண புகை அலாரமும் இதைக் கண்டுபிடிக்காது. அதற்கென்று தனிக் கருவி வேண்டும். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஒட்சிசனைவிட இந்த வாயுவை இருநூறு மடங்குக்கும் மேலாகப் பற்றிக்கொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் என்று தொடங்கும். காய்ச்சல் இல்லாமல் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடிக்கிறது, வெளியே போனால் குறைகிறது என்றால் அதைத் தடிமன் என்று விட்டுவிடக் கூடாது.

டென்னிஸ் பார்க்கிறவர்களுக்கு வீட்டாஸ் கெருலைட்டிஸைத் தெரிந்திருக்கும். 1977இல் அவுஸ்திரேலிய ஓப்பன் பட்டம் வென்றவர். 1994 செப்டெம்பரில், நியூயோர்க் மாநிலத்தின் சவுத்ஹாம்ப்டனில், நண்பர் வீட்டு வளவிலிருந்த சிறு விடுதியில் தூங்கியவர் எழும்பவேயில்லை. வயது 40. நீச்சல் குளத்து நீரைச் சூடாக்கும் கருவியின் புகைக்குழாயைச் சரியாகப் பொருத்தாததால் காபன் மொனொக்சைட்டு அறைக்குள் வந்திருந்தது.

சுவிஸில் கவலைப்பட வேண்டிய இடம், திருத்திய பழைய வீடு. 1998இல், குறைந்த சக்தியில் சூடாகும் வீடுகளுக்கான மினெர்ஜி முத்திரை வந்தது. 2010இல், கட்டடங்களை வெப்பம் வெளியேறாமல் திருத்துவதற்கான மானியத் திட்டம் தொடங்கியது. வெப்பம் வீணாகாத வீடு நல்ல வீடு, அதில் சந்தேகமில்லை. ஆனால் யன்னல் இடுக்குகளால் வந்த காற்றை நம்பி ஓடிய பழைய கொதிகலன், புது யன்னல் பூட்டிய அன்றே திணறத் தொடங்கலாம். கொதிகலன் குசினியிலோ நடையிலோ இருக்கும் பழைய வீடுகளில் இது இன்னும் ஆபத்து. நம் வீட்டுக் குசினியில் மீன் பொரிக்கும்போது அடுப்புக்கு மேலுள்ள விசிறியை உச்சத்தில் விடுவோம். அது மணிக்குச் சில நூறு கன மீற்றர் காற்றை வெளியே தள்ளும். யன்னல்கள் பூட்டியிருந்தால், போன காற்றை ஈடுசெய்ய வீடு புகைக்குழாய் வழியாகவே காற்றை இழுக்கும். மேலே போக வேண்டிய புகை கீழே இறங்கிவிடும். யன்னல் திறந்திருந்தால் மட்டும் விசிறி ஓடும்படி ஒரு சுவிட்ச் பூட்டலாம், பெரிய செலவில்லை.

பக்கத்து நாடான ஜேர்மனியில், அறைக் காற்றை எடுக்கும் சிறிய கொதிகலன்களுக்கு 1 கிலோவாட்டுக்கு 4 கன மீற்றர் இடமும், வெளியே திறக்கும் யன்னலோ கதவோ வேண்டும் என்பது பழகிய அளவு. இப்போது பூட்டும் கொதிகலன்களில் பெரும்பாலானவை இரட்டைக் குழாய் கொண்டவை. உட்குழாயால் புகை போக, அதைச் சுற்றிய வெளிக்குழாயால் காற்று வரும்; அறைக் காற்றைத் தொடுவதில்லை. மாற்றுகிறவர்கள் இதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கெல்லர் துவாரம் சில வீடுகளில் நிலமட்டத்துக்குக் கீழே, இரும்புச் சட்டம் போட்ட வெளிச்சக் குழிக்குள் திறக்கும். இலையுதிர் காலத்தில் அது சருகால் நிரம்பும், தையில் பனியால் மூடும். பூச்சி வருகிறதென்று சிலர் பிளாஸ்டிக் விரித்துவிடுவார்கள். உடுப்பு உலர்த்தும் அறை பக்கத்தில் என்றால் பஞ்சுத் தூசி வலையில் படியும். மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். அட்டையோ துணியோ கண்டால் எடுத்துவிட்டு, கட்டடத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்வார்ட்டிடம் சொல்ல வேண்டும்.

சட்டப்படி எரிவாயு ஹீட்டிங்கின் புகையை 4 ஆண்டுக்கு ஒருமுறை அளக்கிறார்கள். இரு அளவீட்டுக்கு இடையே எவ்வளவோ மாறும். பாசல் நகரம் 2037க்குள் வீடுகளுக்கு எரிவாயு ஹீட்டிங்கை நிறுத்தப் போகிறது. எப்படியும் கழற்றப் போவதுதானே என்று பராமரிப்பைத் தள்ளிப்போடும் எண்ணம் எழும் காலம் இது. அந்தக் கடைசி ஆண்டுகளிலும் அதே ஹீட்டிங் அறைக்கு மேல்தான் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

காபன் மொனொக்சைட்டு என்ற சந்தேகம் வந்தால் முதலில் யன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அவசர மருத்துவ உதவிக்கு 144, தீயணைப்புக்கு 118. நஞ்சு பற்றிய ஆலோசனைக்கு இரவு பகலாக 145.