தொட்டுலாகலையும் ஒரு வைன் போத்தலும்



இந்த வாரம் ஊவாவுக்குப் போகிறோம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் பதுளை பஸ், பெரகலைச் சந்தியைத் தாண்டியதும் மூச்சு வாங்கத் தொடங்கும். வளைவுக்கு வளைவு காது அடைக்கும். பயந்தவர்கள் பள்ளத்துப் பக்கம் பார்க்க வேண்டாம் என்பார்கள். நான் பார்க்கத்தான் சொல்வேன். அதே சந்தியில் பிரிந்து போகும் மற்றப் பாதை கொஸ்லந்தைக்குப் போகிறது. 2014 ஒக்டோபர் 29-ந் திகதி காலையில் மண்சரிவில் லயங்களோடு புதைந்துபோன மீரியபெத்தை அந்தப் பக்கம்தான். அதை நினைக்காமல் இந்தச் சந்தியைக் கடக்க மலையகத்துக்காரர் எவராலும் முடியாது.

மேலே ஏறினால் அப்புத்தளை. மலைத்தொடரின் விளிம்பிலேயே கட்டிய ஊர். கடைத்தெருவில் நின்று ஒரு பக்கம் திரும்பினால் தியத்தலாவை, பண்டாரவளை வரை ஊவாவின் குன்றுகள். மறுபக்கம் திரும்பினால் தரையே இல்லை. வானம் தெளிந்திருந்தால் தெற்குச் சமவெளி கடல்வரை தெரியும். பின்னேரமானால் கீழேயிருந்து பனிமூட்டம் ஏறி வந்து மரக்கறிக் கடைகளுக்குள்ளும் நுழைந்துவிடும்.

இங்கே வருகிறவர்கள் எல்லோரும் டம்பேதென்னை பஸ்ஸைத்தான் தேடுவார்கள். லிப்டன் துரை உட்கார்ந்து பார்த்த இடத்தில் தாங்களும் உட்கார்ந்து படம் எடுக்க வேண்டும். போகட்டும், அதுவும் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் லிப்டன் இந்த மலைகளை வாங்கியது 1890-ல். அவருக்கு ஒரு தலைமுறை முன்னதாக, தேயிலை இல்லாத கோப்பிக் காலத்தில், இங்கே காடு வெட்டியவர்கள் யார்? அதே டம்பேதென்னைப் பாதையில், கொஞ்ச தூரத்திலேயே தொட்டுலாகலைத் தோட்டம் வருகிறது. பழைய துரை பங்களா இன்று பணக்கார உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதி. தோட்டத்துக்குப் பழைய சொந்தக்காரர்கள் யாரென்று கேட்டால், பிரான்சின் பேர் பெற்ற இரண்டு வைன் போத்தல்கள்வரை போக வேண்டியிருக்கும்.

'மூட்டோன் ரொத்சைல்ட்', 'லஃபீட் ரொத்சைல்ட்' என்று இரண்டு சிவப்பு வைன்கள். குடிக்கிறவர்களுக்கு மட்டுமல்ல, ஏலத்தில் வாங்கிப் பூட்டி வைக்கிறவர்களுக்கும் தெரிந்த பெயர்கள். இரண்டும் பிரான்சின் போர்தோ பிரதேசத்தில், போய்யாக் என்ற சிற்றூரின் திராட்சைத் தோட்டங்களில் விளைகின்றன. இரண்டுக்கும் சொந்தக்காரர்கள் ரொத்சைல்ட் என்ற யூதக் குடும்பத்தின் இரு கிளையினர்.

குடும்பத்தின் மூலவர் மாயர் அம்ஷெல் ரொத்சைல்ட். ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில், யூதர்களை மட்டும் அடைத்து வைத்திருந்த ஒடுங்கிய தெருவில் நாணய வியாபாரம் தொடங்கி, ஐந்து நகரங்களில் வங்கிக்காரர்களாக உட்கார்ந்த ஐந்து ஆண்பிள்ளைகளைப் பெற்றவர். 1812-ல் சாகும்போது எழுதி வைத்த உயிலில் ஒரு கண்டிப்பான நிபந்தனை: தொழில் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும். பெண்மக்களுக்கோ, மருமக்களுக்கோ, அவர்கள் வயிற்றுப் பிள்ளைகளுக்கோ வங்கியில் பங்கு இல்லை.

அந்தப் பெண்மக்களில் மூத்தவர் ஷோன்ஷெ, இன்னொரு பெயர் ஜானெட். அவரை வோர்ம்ஸ் என்ற குடும்பத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அவருடைய பிள்ளைகள்தான் நம் கதைக்கு வருகிற கேப்ரியலும் மொரிஸும். தாய்மாமன்மார் ஐரோப்பாவின் அரசர்களுக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்க, அக்காவின் பிள்ளைகள் பிழைப்புக்குக் கடல் தாண்டினார்கள். உயில்தான் அவர்களைக் கப்பலேற்றியது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் மாமன் வீட்டு வங்கி திறந்திருந்தால், நாற்பது வயதை எட்டிய பிராங்க்பர்ட்காரர் ஒருவர் எதற்காக அட்டைக் கடிக்கும் மழைக்கும் நடுவே இலங்கையின் காட்டுக்குள் வந்து உட்கார வேண்டும்?

மொரிஸ் 1841-ல் இலங்கைக்கு வந்தார்; அண்ணன் கேப்ரியல் பின்னால் வந்து சேர்ந்தார். முதலில் புசல்லாவையில் நிலம் வாங்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள்: ரொத்சைல்ட் தோட்டம். பங்கு தராத குடும்பத்தின் பெயரை, அம்மா பிறந்த வீட்டுப் பெயரை, மலையில் நட்டு விட்டார்கள். அந்தத் தோட்டம் அதே பெயரில் இன்றும் இருக்கிறது. மொரிஸ் சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகளையும் கொண்டு வந்து அங்கே வைத்துப் பார்த்தார். இலங்கைத் தேயிலையைத் தொடங்கியவர் என்று பேர் பெற்ற ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட 1867-க்கு இருபத்தாறு வருடம் முந்திய முயற்சி அது. செலவு கட்டவில்லை, கைவிட்டார்கள். கோப்பி நல்ல காசு கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் தேயிலைக்காக யார் மினக்கெடுவார்கள்?

புசல்லாவையோடு நிற்கவில்லை. றம்பொடைப் பக்கம் லபுக்கலை, கொண்டகலை, டிக்கோயாவில் நோர்வூட், ஊவாவில் இரண்டு: இங்கே அப்புத்தளையில் தொட்டுலாகலை, பதுளையில் கீனாகலை. ஊவா அப்போது தனி மாகாணம் கூட இல்லை, 1886-ல்தான் பிரித்தார்கள். ரயில் அப்புத்தளைக்கு வந்தது 1893-ல், பதுளைக்கு வந்தது 1924-ல். ஆக, வோர்ம்ஸ் சகோதரர் காலத்துக் கோப்பி மூட்டைகள் மாட்டு முதுகிலும் வண்டியிலும்தான் மலை இறங்கின. மலையேறி வந்தவர்களோ மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்து, அங்கிருந்து மேலும் நடந்து ஊவாவை எட்டிய நம்மவர்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழியில் விழுந்தவர்கள் போக, எஞ்சியவர்கள் காடு வெட்டினார்கள். அந்தக் காடும் ஆளில்லாக் காடல்ல. சிங்களக் கிராமத்தவர் சேனை செய்த நிலங்களை 1840-ஆம் ஆண்டுச் சட்டம் முடிக்குரிய காணி என்று எழுதிக்கொண்டு, துரைமாருக்கு மலிவு விலையில் விற்றது.

அதே வருடங்களில் மாமன் வீட்டார் திராட்சைத் தோட்டம் வாங்கப் புறப்பட்டார்கள். மாமன் மகன் நத்தானியேல் 1853-ல் மூட்டோனை வாங்கித் தன் குடும்பப் பெயரை அதற்குச் சூட்டினார். இரண்டு வருடம் கழித்து, 1855-ல், போர்தோ வைன்களைத் தரம் பிரித்தபோது மூட்டோனுக்கு இரண்டாம் தரம்தான் கிடைத்தது. முதல் தரத்துக்கு உயர 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாரிஸிலிருந்த கடைசி மாமன் ஜேம்ஸ், 1868 ஓகஸ்டில் லஃபீட்டை ஏலத்தில் எடுத்தார். விலை 44 லட்சம் பிராங்குக்கு மேல். எடுத்த மூன்றே மாதத்தில் இறந்தும் போனார்.

இனி ஒரு கணக்குப் போடுவோம். வோர்ம்ஸ் சகோதரர் 1865-ல் தங்கள் தோட்டங்களை எல்லாம் சிலோன் கம்பனிக்கு விற்றார்கள். ஏறத்தாழ 7,300 ஏக்கர், 157,000 பவுண். அந்நாளில் ஒரு பவுணுக்கு 25 பிராங்க். பெருக்கிப் பாருங்கள், நாற்பது லட்சம் பிராங்குக்குக் கொஞ்சம் குறைவு. லஃபீட்டில் அப்போது திராட்சை நின்ற நிலம் ஏறத்தாழ 180 ஏக்கர். அதாவது தொட்டுலாகலை, கீனாகலை, லபுக்கலை, நோர்வூட், ரொத்சைல்ட் எல்லாம் சேர்ந்து, மாமன் வாங்கிய அந்தத் துண்டு நிலத்தின் விலைக்குக்கூட வரவில்லை. ஒரு மண்ணுக்குப் பெயர் இருக்கிறது, ஒன்றுக்கு இல்லை. விலை வித்தியாசம் முழுக்க அதில்தான்.

ஆனாலும் சகோதரர் இருவரும் நல்ல நேரத்தில் கைகழுவினார்கள். அதைப் பார்க்க அப்புத்தளையை விட்டுப் பதுளைப் பக்கம் போவோம். பண்டாரவளை, ஹாலிஎல கடந்து இறங்க இறங்கக் குளிர் விலகும். பதுளை நகரம் ஆறு சுற்றிவர ஒரு கிண்ணத்துக்குள் கிடக்கிறது. நிமிர்ந்தால் நமுனுகுலை மலை. முதியங்கணை விகாரையைக் கும்பிட்டுவிட்டு, பழைய சென் மார்க்ஸ் தேவாலயத்துக்குள்ளும் எட்டிப் பாருங்கள். 1845-ல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்த மேஜர் ரொஜர்ஸின் நினைவாகக் கட்டியது. பதுளையை ஆண்ட அதிகாரி; பாதைகள் போட்டவர்; ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டவர். வானம் கணக்குத் தீர்த்தது என்று ஊரார் பேசிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

பதுளையிலிருந்து பசறை வழியாகக் கிழக்கே போனால் மடுல்சீமை. 1869-ல், அங்கே ஒரு தோட்டத்தில், கோப்பி இலையின் அடிப்பக்கம் மஞ்சள் தூள் படிந்ததைக் கண்டார்கள். தொட்டால் விரலில் ஒட்டும் தூள். கோப்பித் துரு நோய். இலை உதிர்ந்தது, அடுத்த பருவம் காய் குறைந்தது, பக்கத்து மலைக்கும் பரவியது. பதினைந்து வருடத்தில் இலங்கையின் கோப்பி முடிந்தது. 1884-ல், தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கியும் விழுந்தது. பட்டுப்போன கோப்பித் தண்டுகளைத் தோல் சீவி, இங்கிலாந்துக்குத் தேநீர் மேசைக் கால்களாக ஏற்றினார்கள் என்பார்கள். வோர்ம்ஸ் சகோதரர் விற்றது நோய் தெரிவதற்கு நான்கு வருடம் முன்பு.

அதே காலத்தில் பிரான்சின் திராட்சைக்கும் ஆபத்து வந்தது. அமெரிக்காவிலிருந்து போன ஒரு நுண்ணிய பூச்சி வேரைத் தின்றது. அங்கே மருந்து கண்டுபிடித்தார்கள்: பூச்சி தீண்டாத அமெரிக்கத் திராட்சையின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுப் போட்டார்கள். மூட்டோனும் லஃபீட்டும் அப்படித்தான் தப்பின. கோப்பிக்கு ஒட்டு உதவவில்லை. இங்கே செடியையே மாற்றினார்கள். தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க ஆள் வேண்டும். பருவத்துக்கு வந்து ஊர் திரும்பியவர்கள் லயங்களில் நிரந்தரமானார்கள். நம்மில் பலருடைய குடும்பம் ஊவாவில் தங்கியதற்குக் காரணம் மடுல்சீமையில் கண்ட அந்த மஞ்சள் தூள்.

வோர்ம்ஸ் குடும்பத்தின் கதை அதோடு முடிந்ததா? மொரிஸ் 1867-ல் இறந்தார், கேப்ரியல் 1881-ல். இவர்களின் அண்ணன் மகன் ஹென்றி பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குப் போய், 1888 முதல் 1892 வரை குடியேற்ற நாடுகளுக்கான துணை அமைச்சராக இருந்தார். சித்தப்பாமார் காடு வெட்டிய தீவின் கோப்புகள் அவர் மேசைக்குத்தான் போயின.

இனித் தேயிலை. ஆடி, ஆவணியில் ஊவாவுக்கு வந்தால் ஒன்றை மூக்கே சொல்லும். கச்சான் காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. பகல் காற்றில் செடி வாடுகிறது, இரவில் குளிர் பிடிக்கிறது. அந்தச் சில வாரங்களில் எடுக்கும் கொழுந்தில் மீதைல் சலிசிலேட் என்ற வாசனைப் பொருள் கூடுகிறது. மூட்டுவலித் தைலத்தில் நமக்குப் பழக்கமான அதே வாசனைதான், இங்கே மெல்லியதாக. அப்போது தொழிற்சாலை மேல்மாடியில் வாட்டத்துக்குப் பரப்பிய கொழுந்துக்குப் பக்கத்தில் நின்றாலே தொண்டை குளிரும். தேநீரைச் சுவை பார்ப்பவர் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, கரண்டியால் 'சுர்' என்று உறிஞ்சி, வாயெல்லாம் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார். போர்தோவில் வைனுக்கும் இதே சடங்கு. டார்ஜிலிங், சீனத்துக் கீமன், நம் ஊவா என்று உலகின் மூன்று பெரிய வாசனைத் தேயிலைகளைச் சேர்த்துச் சொல்வது வியாபாரிகளின் வழக்கம்.

ஆனால் மூட்டோன் போத்தலில் தோட்டத்தின் பெயர் உண்டு, ஆண்டு உண்டு. 1924 முதல் தோட்டத்திலேயே போத்தலில் அடைக்கிறார்கள். 1945 முதல் பெரும்பாலான வருடங்களில் ஒரு ஓவியரின் படமும் உண்டு. ஊவாத் தேயிலையோ கொழும்பு ஏலத்துக்குப் போய், பெரும்பாலும் வேறு தேயிலைகளோடு கலந்து, யாரோ ஒரு கம்பனியின் பெயரில் வெளியே போகிறது. எந்த மலை, எந்த மாதம், யார் பறித்தது என்று பக்கெட்டில் இல்லை. பெயர் இருந்தால் விலை கூடும். விலை கூடினால் மலையில் நிற்கிறவர் கூடுதலாகக் கேட்க ஒரு நியாயம் கிடைக்கும். கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை, கேட்கலாம் என்கிறேன். இது எட்டாத காரியமும் இல்லை. ஒற்றைத் தோட்டத் தேயிலையைத் தனிப் பெயரில் விற்கிறவர்கள் இலங்கையிலேயே இருக்கிறார்கள்.

ஆகவே நேயர்களே, போகிறவர்கள் ஆடிக்கும் புரட்டாசிக்கும் நடுவில் போங்கள். லிப்டன் இருக்கைக்குப் போகிற வழியில் தொட்டுலாகலையில் ஒரு தடவை இறங்குங்கள். தேயிலை வாங்கும்போது, இது எந்தத் தோட்டத்துத் தூள், எந்த மாதத்துக் கொழுந்து என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடையில் மட்டும் வாங்குங்கள்.