என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்கிற வக்கீல்



உளுந்தூர்பேட்டையில் நின்றுகொண்டு சாலை விபத்தைப் பற்றிப் பேச முன்னுரை தேவையில்லை. சென்னை–திருச்சி சாலை நம் ஊரைத் தொட்டுப் போகிறது. சேலத்துக்கு இங்கேதான் வழி பிரிகிறது. உறவில் ஒருவரையாவது அந்தச் சாலையில் பறிகொடுக்காத வீடு நம் பக்கத்தில் குறைவு. வேகத்தை எப்படிக் குறைப்பது, மேம்பாலம் எங்கே கட்டுவது என்றெல்லாம் பேசத் தகுதியுள்ளவர்கள் இருக்கிறார்கள். நான் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கார் மோதிய பிறகு ஒரு குடும்பத்துக்கு என்ன நடக்கிறது என்பதை எம்.சி.ஓ.பி. என்கிற இழப்பீட்டு மனுக் கட்டுகளில் படித்தவன். விபத்து நம்மைக் கேட்டு வருவதில்லை. ஆனால் யாருடைய வக்காலத்தில் கையெழுத்துப் போடுவது என்பது நம் கையில் இருக்கிறது. அந்த ஒரு கையெழுத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் மருத்துவமனை வாசல். எந்த ஊர் மருத்துவமனை என்று சொல்ல மாட்டேன், எல்லா ஊரிலும் இது நடக்கிறது. கணவன் உள்ளே ஐ.சி.யு.வில் கிடக்கிறான். மனைவி வெளியே தரையில் உட்கார்ந்திருக்கிறாள், நேற்றுக் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஒருவர் வருகிறார். வெள்ளைச் சட்டை, கையில் ரெக்ஸின் பை. "அம்மா, முதல்ல டீ குடிங்க. அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாது. செலவுக்கு இதை வெச்சுக்குங்க" என்று இரண்டாயிரம் ரூபாயை மடித்துக் கையில் வைக்கிறார். அந்த நேரத்தில் அவர் அவளுக்குத் தெய்வம். பிறகு பையிலிருந்து தாள்கள் வருகின்றன. வக்காலத்து ஒன்று, எதுவும் எழுதாத வெள்ளைத் தாள் இரண்டு, சில சமயம் நிரப்பாத காசோலை. "இங்க, இங்க, இங்க." அவள் கையெழுத்துப் போடுகிறாள், அல்லது கைநாட்டு வைக்கிறாள். வக்கீலின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பெயர்கூடத் தெரியாது. நான்கு வருடம் கழித்துச் சாட்சிக் கூண்டில் ஏறி, "உங்கள் வக்கீல் யார்?" என்று நீதிபதி கேட்கும்போது சுற்றுமுற்றும் பார்த்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பசியிலும் பயத்திலும் இருப்பவளிடம் கையெழுத்து வாங்குவதுதான் குற்றம். ஆகவே பக்கத்தில் இருக்கிற அண்ணன், தம்பி, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வழக்கறிஞர் நேரடியாகவோ ஆள் வைத்தோ வழக்கு பிடிக்கக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதி எண் 36 சொல்கிறது. ஆகவே மருத்துவமனைக்கு ஆள் அனுப்புகிற வக்கீல் உங்களைச் சந்திக்கும் முன்பே தன் தொழிலின் விதியை மீறிவிட்டார். அவசரப் பணத்துக்காக அவர் கையைப் பிடிக்க வேண்டியதும் இல்லை. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது. சேர்க்கும்போதே மருத்துவமனையில் அதைக் கேளுங்கள்.

அடுத்தது பங்கு. "ஒரு பைசா வேண்டாம்மா, வர்றதுல நூத்துக்கு இருபது" என்பார்கள். இருபத்தைந்தும் உண்டு, முப்பதும் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கையில் காசில்லாதவருக்கு வேறு வழி என்ன என்று தோன்றும். அமெரிக்காவில் இப்படிப் பங்கு பேசுவது சட்டப்படி நடக்கிற வழக்கம். இங்கே அதற்கு இடமில்லை. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது, வருகிற தொகையில் பங்கு கேட்கக் கூடாது என்று பார் கவுன்சில் விதி எண் 20 தெளிவாகச் சொல்கிறது. தெலங்கானாவில் விபத்தில் கணவனை இழந்த ஒரு பெண்ணின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கட்டணமாகப் பெருந்தொகை கொடுத்த பிறகும் வக்கீல் அவரிடம் மேலும் ஒரு காசோலை வாங்கி, அது வங்கியில் திரும்பியதும் அவர் மேலேயே செக் மோசடி வழக்கு போட்டார். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. இழப்பீட்டுத் தொகையில் சதவீதம் கேட்பது பொதுநலனுக்கு விரோதம் என்றும் சொன்னது. கணவன் செத்த காசில் பங்கு கேட்டு, கொடுக்க முடியாதபோது அவளையே குற்றவாளியாக நிறுத்துவது என்றால், அதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

காசில்லாதவருக்கு வழி உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் இலவச வக்கீல் உண்டு. இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. கணவனை இழந்த பெண் பெண்ணாக இருப்பதாலேயே தகுதி பெற்றுவிடுகிறாள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், அல்லது நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் வட்டச் சட்டப்பணிகள் குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம். தனியாக வக்கீல் வைப்பவர்கள் மொத்தக் கட்டணம் எவ்வளவு, எத்தனை தவணை என்று முதலிலேயே பேசி, கொடுக்கிற ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்குங்கள்.

சரி, நல்ல வக்கீலை எப்படி அடையாளம் காண்பது? அவருடைய அறையில் எத்தனை சட்டப் புத்தகம் அடுக்கியிருக்கிறது என்று பார்க்காதீர்கள். முதல் நாள் உட்கார வைத்து உங்களிடம் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். "அவர் என்ன வேலை பார்த்தார்? கூலி யார் கொடுத்தது? ரொக்கமா, பேங்க்லயா? வீட்டில் அவர் சம்பாத்தியத்தை நம்பி யார் யார்?" இப்படிக் கேட்கிற வக்கீலை விட்டுவிடாதீர்கள். ஏன் என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். இளைஞர்கள் போனை எடுத்துக் கூடவே போட்டுப் பாருங்கள்.

கணக்குக்காக ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். வயது 34. மாதம் 15,000 ரூபாய் சம்பாத்தியம். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. கார் மோதி இறந்துவிடுகிறார். உச்ச நீதிமன்றம் 2009இல் சரளா வர்மா வழக்கிலும், 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் கணக்கு முறையை வகுத்துக் கொடுத்திருக்கிறது. நிரந்தரச் சம்பள வேலையில் இல்லாதவர், வயது 40க்குக் கீழ், ஆகவே எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும். 15,000 என்பது 21,000 ஆகிறது. அவரை நம்பி நான்கு பேர் இருப்பதால் அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கு கழிக்க வேண்டும். மீதி 15,750. வருடத்துக்கு 1,89,000. வயது 34 என்றால் பெருக்க வேண்டிய எண் 16. மொத்தம் 30,24,000 ரூபாய்.

இப்போது அதே கொத்தனாருக்கு அக்கறையில்லாத வக்கீல் அமைந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருமானத்தை நிரூபிக்க, கூலி கொடுத்த மேஸ்திரியைச் சாட்சிக்கு அழைக்கவில்லை. தீர்ப்பாயம் தானாகவே 10,000 என்று மதிப்பிடுகிறது. அம்மாவின் பெயரை மனுவில் சேர்க்க மறந்துவிட்டார், ஆகவே நம்பியிருப்பவர்கள் மூன்று பேர்தான், கழிவு மூன்றில் ஒரு பங்காகிறது. இந்தக் கணக்கைப் போட்டால் 17,92,000 வருகிறது. வித்தியாசம் 12,32,000 ரூபாய்! செத்தவர் அதே ஆள், மோதியது அதே கார், சட்டமும் அதே சட்டம். ஒரு மேஸ்திரியை ஒரு நாள் கோர்ட்டுக்கு அழைத்து வராததும், ஒரு கிழவியின் பெயரை எழுதாததும் அந்தப் பிள்ளைகளின் படிப்பைத் தின்றுவிட்டன. இப்படிப்பட்ட கட்டுகளைக் கையில் தூக்கிக்கொண்டு போய் நீதிபதி முன் வைக்கும்போது என் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கிளார்க் வாய் திறக்க முடியாது. இப்போது திறக்கிறேன்.

உயிர் பிழைத்துக் கை காலை இழந்தவர்களுக்கும் இதே கதைதான். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இடது கையை இழந்த ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொண்டது. அவர் தச்சராகவோ ஓட்டுநராகவோ இருந்தால் சம்பாதிக்கும் திறனை ஏறக்குறைய முழுவதுமே இழந்துவிட்டார் என்று கொள்ளலாம். அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை போகாமலே இருக்கலாம். டாக்டர் சான்றிதழில் எழுதுகிற ஊனச் சதவீதம் உடம்புக்கானது. அது அவருடைய பிழைப்பை எவ்வளவு பாதித்தது என்பதை வேறு சாட்சியங்களால் வக்கீல்தான் காட்ட வேண்டும். நெசவாளிக்கு விரல் எதற்கு, லாரி டிரைவருக்குக் கணுக்கால் எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாதவர் அதை எப்படிக் காட்டுவார்? முடிந்தவரை சிகிச்சை செய்த டாக்டரையே சாட்சியாக அழைப்பவரைப் பாருங்கள். வழக்குக்கென்றே சான்றிதழ் எழுதித் தருகிற டாக்டர்கள் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது.

நல்ல வக்கீல் கசப்பானதையும் முதல் நாளே சொல்லிவிடுவார். "ஹெல்மெட் போடலையா? வண்டியில மூணு பேரா? லைசென்ஸ் இருந்துச்சா?" என்று கேட்பார். எதிர்த் தரப்பு இதைத்தான் பிடித்துக்கொள்ளும், தொகை குறையலாம் என்பார். சொந்தக் காரில் போன குடும்பம் என்றால் பாலிசி முழுக் காப்பீடா, மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமா என்று பார்ப்பார். "ஐம்பது லட்சம் கேரண்டி" என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நடக்காத விபத்தை நடந்ததாக, இல்லாத வண்டியை மோதியதாக எழுதலாம் என்பவரிடமும் நிற்காதீர்கள். அதில் கம்பி எண்ணப் போவது கையெழுத்துப் போட்ட நீங்கள்தான்.

ஆளைத் தேட ஒரு எளிய வழி இருக்கிறது. தீர்ப்பாயம் திறந்த நீதிமன்றம். யார் வேண்டுமானாலும் போய்ப் பின் பெஞ்சில் உட்காரலாம். விசாரணை நடக்கிற ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். யார் கட்டைப் படித்துவிட்டு வந்திருக்கிறார், யார் வாய்தா மட்டும் வாங்கிப் போகிறார், இன்சூரன்ஸ் கம்பெனி சாட்சியை யார் நறுக்கென்று குறுக்கு விசாரணை செய்கிறார் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அதோடு வழக்கு முடிந்து பணம் வாங்கிய குடும்பம் நம் பக்கத்திலேயே இருக்கும். அவர்களிடம், "கையில் எவ்வளவு வந்தது?" என்று கேளுங்கள். தீர்ப்பில் எழுதிய தொகையைச் சொன்னால் போதாது, கையில் வந்தது எவ்வளவு என்று தெரிய வேண்டும். தூரத்து ஊரில்தான் வழக்கு போட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் வீடு எந்தத் தீர்ப்பாய எல்லையில் இருக்கிறதோ அங்கேயே போடலாம்.

அவசரப்படவும் வேண்டாம், ஆறப்போடவும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள், ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். உங்கள் உரிமைகள் எழுதிய படிவத்தைப் பத்து நாளுக்குள் உங்கள் கையில் தர வேண்டும். ஸ்டேஷனில் அதைக் கேட்டு வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை பில் முதல் ஆம்புலன்ஸ் ரசீது வரை எல்லாவற்றின் அசலையும் நீங்களே வைத்திருங்கள். வக்கீலுக்கு நகல் கொடுங்கள், கோர்ட்டில் தாக்கல் செய்யும் நாளில் அசல் கொடுங்கள்.

லோக் அதாலத் நாளில் கொஞ்சம் நிதானம் வேண்டும். விரைவில் பணம் வரும் என்பது உண்மை. பல குடும்பங்களுக்கு அது நல்ல வழியாகவும் இருந்திருக்கிறது. ஆனால் அங்கே ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் மேல்முறையீடு கிடையாது. ஆகவே, "நாம் கேட்டது எவ்வளவு, கணக்குப்படி எவ்வளவு வரணும், இவர்கள் தருவது எவ்வளவு?" என்று வக்கீலிடம் கேட்டு, மூன்று எண்களையும் தாளில் எழுதிப் பார்த்த பிறகு தலையாட்டுங்கள்.

வக்கீல் சரியில்லை என்று தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம். பழைய வக்கீல், "என் ஃபீஸ் பாக்கி, கட்டைத் தர மாட்டேன்" என்றால் அது சட்டப்படி செல்லாது. கட்சிக்காரரின் வழக்குக் கட்டைக் கட்டணப் பாக்கிக்காகப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்புப் பணமும் உங்கள் வங்கிக் கணக்குக்கே நேராக வர வேண்டும் என்று மனுவிலேயே கணக்கு எண்ணைக் கொடுங்கள். வேறொருவர் பெயருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள்.

நூலகம் எட்டு மணி வரை திறந்திருக்கும் என்று நூலகர் அம்மா சொன்னார்கள். அதுவரை அந்த மேசையில் இருப்பேன். வீட்டில் நடக்கிற வழக்கு யாருக்காவது இருந்தால், உங்களிடம் உள்ள தாள்களை எடுத்து வாருங்கள். முதலில் மனுவை எடுத்து, அதில் எத்தனை பேர் பெயர் இருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.