படகில் கிடக்கும் பழைய சிலிண்டர் யாருடையது?



இங்கிலாந்தின் கால்வாய்களில் ஒரு தனி வகைப் படகு உண்டு. அகலம் 7 அடிதான். நீளம் 70 அடி வரைக்கும் போகும். ரயில் வருவதற்கு முன்னால் நிலக்கரியும் பீங்கானும் ஏற்றிப்போன படகுகளின் அச்சு அது. இன்றைக்குச் சரக்கு கிடையாது, மனிதர்கள் குடியிருக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், நகரத்து வீட்டு வாடகை கட்ட முடியாத இளம் ஜோடிகள், ஒரே ஊரில் தங்கப் பிடிக்காதவர்கள். உள்ளே கட்டில், புத்தக அலமாரி, குளிர்காலத்துக்கு விறகடுப்பு எல்லாம் இருக்கும். சமையலுக்கு மட்டும் நம் வீட்டைப் போலவே கேஸ். கடலில் சிறு பாய்மரப் படகு ஓட்டுகிறவர்களும் பெரும்பாலும் கேஸில்தான் டீ போடுகிறார்கள்.

படகில் சிலிண்டரை எங்கே வைப்பது என்பது லேசான கேள்வி இல்லை. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. புரொப்பேன் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழும். வீட்டில் என்றால் கதவைத் திறந்துவிடலாம், வாசல் வழியாகப் போய்விடும். படகு என்பது பெரிய அண்டா மாதிரி. வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே வராது, உள்ளே இறங்கிய கேஸும் வெளியே போகாது. அடித்தட்டில் தேங்கி நிற்கும். காற்றில் இரண்டு சதவீதம் அளவுக்குக் கலந்துவிட்டாலே பற்றிக்கொள்ளும். 4.5 கிலோ பியூட்டேன் ஆவியானால் ஏறத்தாழ 1.8 கன மீட்டர் வாயு. சின்னப் படகின் அறை முழுவதையும் வெடிமருந்துக் கிடங்காக்க அதில் கொஞ்சமே போதும்.

அதனால்தான் சிலிண்டருக்கு என்று தனிப் பெட்டி கட்டுகிறார்கள். கால்வாய்ப் படகில் பெரும்பாலும் முன்முனையில் இருக்கும். மேலே மூடி, குடியிருக்கும் பக்கம் ஒரு இடுக்குகூட இல்லாத தடுப்பு, அடியில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு துவாரம். கசிகிற கேஸ் அந்தத் துவாரம் வழியாக வெளியே வழிந்துவிட வேண்டும். உதிர்ந்த இலையோ, பழைய கயிறோ, மேலே மேலே அடித்த பெயின்ட்டோ அதை அடைத்துக்கொண்டால் பெட்டி கட்டியதற்கே அர்த்தமில்லை. 1997இல் பிரிட்டனில் படகுப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று வந்தது. அதன்படி 4 ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதகர் வந்து இதையெல்லாம் குனிந்து பார்ப்பார். அவர் தரும் சான்று இல்லாவிட்டால் கால்வாயில் படகு வைத்திருக்க உரிமம் கிடைக்காது.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். பெட்டியைக் கட்டுவது சிலிண்டரின் அளவைப் பார்த்துத்தான். பாய்மரப் படகில் அது கண்ணாடி இழையில் படகோடு படகாக வார்க்கப்பட்டிருக்கும். விரல் நுழையும் இடைவெளிதான் சுற்றிலும் விட்டிருப்பார்கள். பிரிட்டனில் காலர் என்று ஒரு நிறுவனம், 1935 முதல் சமையல் வாயு விற்கிறது. அதன் நீலச் சிலிண்டரில் பியூட்டேன், சிவப்புச் சிலிண்டரில் புரொப்பேன். சிறிய படகுகளுக்கு ஏற்ற அளவில் நீலத்தில் 4.5 கிலோ, சிவப்பில் 3.9 கிலோ. கூடு இரண்டுக்கும் ஒன்றேதான். புரொப்பேன் திரவமாக இருக்கும்போது எடை குறைவு, வெயிலில் விரிவதற்கும் கூடுதலாக இடம் விட வேண்டும். அதனால்தான் அதே கூட்டுக்குள் அரைக் கிலோவுக்கு மேல் குறைகிறது. ஆனால் வாயில் உள்ள மரை வேறு, ரெகுலேட்டர் வேறு. ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை அப்படியே மாட்ட முடியாது.

இந்த நிலையில், 2020களின் தொடக்கத்தில் காலர் நிறுவனம் சிறிய அளவுகள் சிலவற்றை நிறுத்திக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது படகுக்காரர்களிடமிருந்து பெரிய கூச்சல் கிளம்பியது. நியாயமான கூச்சல். வீட்டில் இருப்பவருக்குச் சிலிண்டரின் உயரம் மாறினால் அடுப்பு மேடைக்கு அடியில் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் முடிந்தது. படகில் பெட்டியை அறுக்க வேண்டும், குழாயை மாற்ற வேண்டும், மறுபடி பரிசோதனைக்கு நிற்க வேண்டும். சிலர் பிரெஞ்சுக்காரர்களின் நீலக் கேம்பிங்கேஸ் சிலிண்டருக்கு மாறுகிறார்கள். 2.75 கிலோதான் பிடிக்கும், விலையும் அதிகம், ஆனால் ஐரோப்பாவின் பல நாட்டுத் துறைமுகங்களில் மாற்றிக்கொள்ளலாம். சிலர் தாங்களே நிரப்பிக்கொள்ளும் வகை சிலிண்டரை வாங்குகிறார்கள்.

மாறிவிட்டார்கள், சரி. பழையது என்ன ஆகும்?

முதலில் அது யாருடையது என்று பார்க்க வேண்டும். காலர் போன்ற நிறுவனங்களின் சிலிண்டரை வாங்கும்போது ஒரு மறுநிரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறோம். கணிசமான ஒரு தொகையும் கட்டுகிறோம். ஆனால் அது சிலிண்டரின் விலை இல்லை. சிலிண்டர் என்றைக்கும் நிறுவனத்தின் சொத்து. நாம் வாங்குவது உள்ளே இருக்கும் கேஸை மட்டும். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் கட்டிய தொகையில் ஒரு பங்கு திரும்பி வரும், ஆண்டு ஆக ஆக அந்தப் பங்கு தேய்ந்துகொண்டே போகும். ஒப்பந்தத் தாள் கையில் இல்லையா? சிலிண்டரை வாங்கிக்கொள்வார்கள், காசு கிடையாது.

இது நமக்குப் புதிது ஒன்றும் இல்லை. நம் அடுப்பங்கரையில் இருக்கும் 14.2 கிலோ சிலிண்டரும் எண்ணெய் நிறுவனத்தின் சொத்துதான். 2022 ஜூனில் புதிய இணைப்புக்கான டெபாசிட்டை 1,450 ரூபாயிலிருந்து 2,200 ரூபாயாக ஏற்றினார்கள். இணைப்பை ஒப்படைக்கும்போது திரும்பி வருவது அன்றைய தொகை அல்ல, நீங்கள் சேர்ந்தபோது வவுச்சரில் எழுதியிருக்கும் பழைய தொகை. அந்த வவுச்சர் பீரோவின் எந்தத் தட்டில் இருக்கிறது என்று உடனே சொல்லக்கூடிய வீடுகள் எத்தனை இருக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான். தாத்தா பெயரில் இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளும் நிறைய.

படகில் இந்தக் குழப்பம் இன்னும் கூடும், ஏனென்றால் படகுகள் கை மாறிக்கொண்டே இருப்பவை. முப்பது வருஷப் பழைய படகு ஒன்றை நான்காவது ஆளாக ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நங்கூரம், கயிறு, உயிர்க்காப்பு மிதவை எல்லாம் பட்டியலில் இருக்கும். சிலிண்டரும் கூடவே வந்துவிடும். அதை முதலில் எடுத்தவர் யார், ஒப்பந்தம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. விற்றவருக்கு அதை விற்க உரிமையே கிடையாது, வாங்கியவருக்கு அது சொந்தமும் ஆகவில்லை. இருந்தும் இருவரும் அதற்குச் சேர்த்தே விலை பேசியிருப்பார்கள்.

எல்லா நாட்டிலும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். டென்மார்க்கில் கதை வேறு. அங்கே கோசான் கேஸ் என்ற நிறுவனம், இரும்புக்குப் பதில் இழைக்கலவையில் செய்த எடை குறைந்த சிலிண்டரை விற்றது. துருப்பிடிக்காத பொருள், உப்புக் காற்றுக்கு நல்லது. வாடிக்கையாளர் முதல் தடவை கேஸோடு சிலிண்டருக்கும் சேர்த்தே விலை கொடுத்தார். பிறகு வைக்கிங் கேஸ் என்ற இன்னொரு நிறுவனம் அந்தக் காலிச் சிலிண்டர்களை வாங்கி, தன் கேஸை நிரப்பி, தன் பெயருக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுக்க ஆரம்பித்தது. சிலிண்டரின் வடிவமே எங்கள் வணிக முத்திரை, அதை வேறு யாரும் நிரப்பக் கூடாது என்று கோசான் வழக்குப் போட்டது. வழக்கு டென்மார்க்கின் உச்ச நீதிமன்றம் வரை போய், அங்கிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்குப் போனது. 2011 ஜூலை 14 அன்று தீர்ப்பு வந்தது. சிலிண்டரை விலை கொடுத்து வாங்கியவர் அதற்குச் சொந்தக்காரர், விரும்பிய இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். இரண்டு நிறுவனங்களும் ஒன்று என்று வாடிக்கையாளர் ஏமாறும்படி இருப்பது போன்ற தக்க காரணம் இருந்தால் மட்டும் தடுக்கலாம்.

கேட்கும்போது வாங்கியவருக்கு வெற்றி என்று தோன்றும். கேஸ் கிடைத்துக்கொண்டிருக்கும் வரை வெற்றிதான். ஆனால் ஒரு வகைச் சிலிண்டரை நிரப்புவாரே இல்லை என்று ஆகும் நாளில் சொந்தக்காரர் கையில் மிஞ்சுவது என்ன? எடைக்குப் போட முடியாத ஒரு இழைக்கலவைக் கூடு. அந்த நாளில் என்னைக் கேட்டால், சொந்தமில்லாதவர்தான் கொடுத்து வைத்தவர். 'இது உங்கள் பொருள், எடுத்துக்கொள்ளுங்கள்' என்று நிறுவனத்திடம் சொல்ல அவருக்கு வழி இருக்கிறது. உரிமை இல்லாமையை இவ்வளவு நாளும் குறையாகப் பேசிவிட்டு, கடைசியில் அதையே பிடித்துக்கொண்டு தப்பிக்கிறோம்.

ஆனால் பலர் அந்த வழியை எடுப்பதில்லை. படகுத் துறையில் ராத்திரியோடு ராத்திரியாகக் குப்பைத் தொட்டி ஓரத்தில் சிலிண்டரை வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. குப்பை லாரி அழுத்தும்போது அது என்ன செய்யும் என்று யோசிப்பதில்லை. பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. அங்கே துண்டு போடும் இயந்திரத்தில் மூடிய சிலிண்டர் விழுந்தால் வெடிக்கும். போதாதற்கு, பெயர் பொறித்த சிலிண்டரை எடைக்குப் போடுவது இன்னொருவர் சொத்தை விற்பதுதான்.

'காலிதானே' என்பார்கள். இங்கேதான் பியூட்டேன் ஆளை ஏமாற்றும். அது திரவத்திலிருந்து வாயுவாக மாறும் வெப்பநிலை கிட்டத்தட்ட பூஜ்யம் டிகிரி, சரியாகச் சொன்னால் அதற்கு அரை டிகிரி கீழே. புரொப்பேனுக்கு மைனஸ் 42. ஜனவரிக் குளிரில் நீலச் சிலிண்டரைத் திறந்தால் அடுப்பு எரியாது. தீர்ந்துவிட்டது என்று நினைத்துக் கழற்றி மூலையில் போடுகிறார்கள். உள்ளே ஒரு கிலோ இரண்டு கிலோ திரவம் அப்படியே கிடக்கும். ஏப்ரல் வெயில் பட்டதும் எழுந்துகொள்ளும். உண்மையிலேயே தீர்ந்த சிலிண்டரில்கூட ஆவி மிச்சம் இருக்கும். அதனால் காலியானதையும் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், வால்வை மூடித்தான் வைக்க வேண்டும், அந்தப் பெட்டிக்குள்ளேதான் வைக்க வேண்டும். மிச்சத்தைத் திறந்துவிட்டுத் தீர்த்துவிடலாம் என்று படகின் மேல் தளத்தில் உட்கார்ந்து வால்வைத் திருகுவது எல்லாவற்றையும்விட மோசம். அது நேராக அடித்தட்டுக்கு இறங்கிவிடும்.

வேண்டாத சிலிண்டர் இரண்டு மூன்று ஆண்டு பெட்டியில் கிடந்தால் முதலில் போவது அடிவளையம். தரையில் உட்காரும் அந்த இரும்பு வட்டத்தைச் சுற்றி ஈரம் தங்கி, பெயின்ட் உப்பி, செதில் செதிலாக உதிரும். அந்த உதிரி போய் வடிகால் துவாரத்தை அடைக்கும். கால்வாய்ப் படகில் பெட்டியின் அடித்தகடும் இரும்புதான், அதுவும் சேர்ந்து அரிக்கும். வேலையில்லாமல் கிடக்கும் சிலிண்டர், வேலை செய்யும் சிலிண்டரின் பாதுகாப்பைக் கெடுக்கும் விதம் இது.

சரியான வழி எளியதுதான். கழுத்திலோ உடம்பிலோ பொறித்திருக்கும் பெயரைப் பார்த்து, அந்த நிறுவனத்தின் விற்பனையாளர் யாரிடமாவது கொடுத்துவிடலாம். எந்த ஊரில் எடுத்தது என்று பார்க்க மாட்டார்கள். பெயர் தெரியவில்லை, அல்லது அந்த நிறுவனமே இன்று இல்லை என்றால், பிரிட்டனில் சமையல் வாயு நிறுவனங்களின் சங்கமான லிக்விட் கேஸ் யூகே இருக்கிறது. சிலிண்டரை அடையாளம் கண்டு, யார் எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்வார்கள். உள்ளூர் நிர்வாகத்தின் கழிவு மையங்களில் சில வாங்கிக்கொள்ளும், சில வாங்காது. போன் செய்து கேட்டுவிட்டுக் கொண்டுபோவது நல்லது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு நிறுவனங்கள்மேல் வருத்தம். கேஸ் விற்கிற காலத்தில் 'சிலிண்டர் எங்கள் சொத்து, வேறு யாரும் தொடக் கூடாது' என்று ஒப்பந்தம் போடுகிறார்கள். அது பாதுகாப்புக்கும் அவசியம்தான். சோதனை செய்யாத கூட்டில் கண்டவர்கள் நிரப்பினால் ஆபத்து. ஆனால் ஒரு அளவை நிறுத்தும்போது அந்தச் சொத்தைத் தேடி எடுத்துக்கொண்டு போகும் வேலை மட்டும் வாடிக்கையாளர் தலையில் விழுகிறது. கார் இல்லாமல், கடை பக்கத்தில் இல்லாத கால்வாய்க் கரையில் படகைக் கட்டியிருக்கும் எழுபது வயதுக்காரர் அதை எப்படிச் சுமப்பார்? நிறுத்தும் நாளை அறிவிக்கிறவர்கள், அதோடு சேர்த்து ஓர் ஆண்டுக்காவது தாள் கேட்காமல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஏதோ ஒரு தொகை தருவோம் என்றும் அறிவிக்கலாம். பத்துப் பவுண்டு கிடைக்கும் என்றால் அதைக் குப்பைத் தொட்டி ஓரத்தில் யாரும் வைக்க மாட்டார்கள். வைத்திருந்தாலும் வேறு ஒருவர் எடுத்துக்கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிடுவார்.