தோசைக்கரண்டியும் முக க்ரீமும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸில் போனால், பல்லாவரத்தருகே "பாண்ட்ஸ் சிக்னல் இறங்கு" என்று குரல் கேட்கும். பாண்ட்ஸ் தொழிற்சாலை அங்கே இருந்ததால் வந்த பெயர். பாண்ட்ஸ் இந்தியா கம்பெனி 1998-ல் இந்துஸ்தான் லீவருடன் இணைந்துவிட்டது. சிக்னலுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. புறநகரில் ஒரு சிறு கம்பெனியில்தான் நானும் க்ரீம் செய்யக் கற்றேன். அங்கே ஒரு தப்பும் செய்தேன். அதைச் சொல்லத்தான் இப்போது மேடையேறியிருக்கிறேன்.

மே மாதம். டப்பாவைத் திறந்தால் க்ரீம் இளகிக் கிடக்கிறது என்று கடைகளிலிருந்து புகார். நான் மெழுகைக் கூட்டினேன். விஸ்காமீட்டரின் தண்டு மெதுவாகச் சுற்றி, பாகுநிலை நன்றாக உயர்ந்துவிட்டதாகக் காட்டியது. எனக்குப் பரம திருப்தி. பாக்கிங் பகுதியிலிருந்த அக்கா ஒருவர் புறங்கையில் தடவிப் பார்த்து, "என்ன சார், மெழுகுவத்தியைத் தேய்ச்ச மாதிரி இழுக்குது?" என்றார். நான் அவரிடம் மீட்டர் கணக்கைக் காட்டினேன்! போன சரக்கில் பெரும்பகுதி திரும்பி வந்தது.

விளக்கெண்ணெயை மெல்லக் கிளறினாலும் வேகமாகக் கிளறினாலும் அதன் பாகுநிலை ஒன்றுதான். க்ரீம் அப்படியில்லை, அது தோசை மாவின் ஜாதி. கரண்டியைச் சுழற்றும்போது மாவு இளகிப் பரவுகிறது, எடுத்ததும் நின்றுவிடுகிறது இல்லையா? டப்பாவில் க்ரீம் குவியலாக நிற்பதும், விரல் பட்டதும் வழுக்குவதும் இதனால்தான். எவ்வளவு இளகும் என்பது சுழற்றும் வேகத்தைப் பொறுத்தது.

மாணவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். விரல் விநாடிக்கு 10 செ.மீ. நகர்கிறது. விரலுக்கும் தோலுக்கும் இடையில் க்ரீம் 0.1 மி.மீ. கனம். வகுத்தால் விநாடிக்கு 1000 வருகிறது. தேய்க்கத் தேய்க்கப் படலம் மெலிந்து 0.01 மி.மீ. ஆனால் 10,000! என் மீட்டரோ விநாடிக்குச் சில என்ற அளவில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அளந்தது டப்பாவில் சும்மா இருந்த க்ரீமை. அக்கா அளந்தது தேய்க்கும்போது இருந்த க்ரீமை. இரண்டும் வேறு வேறு விஷயம் என்று எனக்கு உறைக்கவே ஒரு மாதம் ஆயிற்று.

பிறகு மெழுகைக் குறைத்து, கார்போமர் என்ற பாலிமரை நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவாகச் சேர்த்தேன். அது நீரில் ஊதிப் பெருத்து க்ரீமைத் தாங்கி நிற்கும். வெயிலுக்கு மெழுகைப்போல இளகாது. தேய்த்தால் சட்டென்று விட்டுக்கொடுக்கும். இன்னொரு வசதி, உப்புப் பட்டால் அதன் கட்டு தளர்ந்துவிடும். நம்ம ஊர் வேர்வையில் உப்புக்கா பஞ்சம்?

இந்தத் தடவை மீட்டருக்கு முன்னால் அக்காவிடம்தான் கொண்டுபோனேன். தடவிவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "இப்ப பரவால்ல சார். வாசனைதான் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார்.

வாசனை வேறு ஆளின் இலாகா.