படர்க்கையும் முன்னிலையும்: துன்பம் பற்றிய விவிலிய நோக்கு



துன்பம் ஏன் வருகிறது என்னும் வினா சமயங்களுக்கும் இலக்கியங்களுக்கும் பொதுவானது. ஊழ் என்றும் வினைப்பயன் என்றும் தமிழ் மரபு இதற்கு விடை தேடியது. கிறித்தவர்களிடையேயும் எளிய விடையொன்று நெடுங்காலமாக உலவி வருகிறது. துன்பம் பாவத்திற்குக் கிடைத்த தண்டனை என்பதே அது. அவ்விடைக்கு இடந்தரும் பகுதிகள் விவிலியத்தில் உண்டு. அதனை வன்மையாக மறுக்கும் பகுதிகளும் அதே விவிலியத்தில் உண்டு. பின்னவற்றுள் தலையாயது யோபுவின் நூல்.

42 அதிகாரங்கள் கொண்ட அந்நூலின் தொடக்கமும் முடிவும் உரைநடை. இடைப்பட்ட பெரும்பகுதி செய்யுள். மக்களையும் செல்வத்தையும் இழந்து, உடலெங்கும் புண்ணாகிச் சாம்பலில் அமர்ந்திருக்கிறார் யோபு. எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் நண்பர் மூவர் அவரைக் காண வருகின்றனர். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு தரையில் அமர்கின்றனர். அவர்கள் செய்தவற்றுள் மிகச் சிறந்த செயல் அதுவே. வாய் திறந்தபின் அவர்கள் ஆறுதலை விட்டு விளக்கத்தில் இறங்குகின்றனர். இறைவன் நீதியுள்ளவர், யோபு துன்புறுகிறார், ஆகவே யோபு குற்றம் புரிந்திருக்க வேண்டும் என்பது அவர்களது தருக்கம். யோபுவோ பிறந்த நாளைச் சபிக்கிறார்; இறைவனையே வழக்கிற்கு அழைக்கிறார். முடிவில் இறைவனின் சினத்திற்கு ஆளாவோர், அவருக்காக வாதாடிய நண்பர்களே. தம்மைக் குறித்துச் சரியாகப் பேசியவர் என்று இறைவன் ஏற்றுக்கொள்வது, முறையிட்ட யோபுவை.

இத்தீர்ப்பின் நுட்பம் இலக்கணம் அறிந்தோர்க்கு எளிதில் புலனாகும். நண்பர் மூவரும் இறைவனைப் பற்றி ஏராளமாகப் பேசுகின்றனர். ஆனால் ஒருமுறையேனும் இறைவனை விளித்துப் பேசுவதில்லை. அவர்களுக்கு இறைவன் படர்க்கை. யோபுவின் பேச்சோ, நண்பர்க்கு விடையளித்துக்கொண்டே இடையிடையே இறைவன்பால் திரும்பிவிடுகிறது. சினந்தாலும் அழுதாலும் அவருக்கு இறைவன் முன்னிலை. யோபுவின் துன்பத்திற்கான பின்னணி வாசகருக்கு முதலிலேயே தெரிவிக்கப்படுகிறது. யோபுவுக்கோ இறுதிவரை தெரிவிக்கப்படவில்லை. சூறைக்காற்றிலிருந்து எழும் இறைவனின் குரலும் காரணம் எதுவும் கூறாது, படைப்பின் விரிவு பற்றிய வினாக்களையே அடுக்குகிறது. எனினும் யோபு அமைகிறார். கேள்வியால் மட்டும் அறிந்திருந்தவர் நேரில் வந்து பேசினார் என்பதே அவருக்குப் போதுமானதாயிற்று.

சங்கீதங்கள் 150இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீட்டுப் பாடல்களே. அவற்றுள் பல, அழுகையில் தொடங்கிப் புகழ்ச்சியில் முடிவன. 88ஆம் சங்கீதம் அவ்வாறு முடிவதில்லை; இருளிலேயே நின்றுவிடுகிறது. ஆயினும் முதலடி தொட்டு அது முன்னிலைப் பாடலாகவே அமைந்துள்ளது. ஒளியைக் காணாதவரும் விளிக்கலாம் என்பதற்கு அப்பாடல் சான்று.

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் எருசலேம் நகரைப் பாபிலோனியர் அழித்தனர். அவ்வழிவைப் பாடும் புலம்பல் நூல் ஐந்து பாடல்களால் ஆனது. எபிரேய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள். முதல் நான்கு பாடல்களும் அவ்வெழுத்துகளின் வரிசையில் அமைந்தவை. மூன்றாம் பாடலில் எழுத்துக்கு மும்மூன்றாக 66 வசனங்கள் உள்ளன. கரையற்ற துயருக்கு நெடுங்கணக்கு ஒரு கரையாகிறது எனலாம். நடுப்பாடலில் இறை இரக்கத்தின் மீது நம்பிக்கை ஒளிவிடுகிறது. ஆனால் நூல் அங்கே முடிவதில்லை. மீண்டும் அழுகைக்கே திரும்புகிறது. ஐந்தாம் பாடலில் 22 வசனங்கள் உண்டு. எழுத்து வரிசை இல்லை. வடிவமும் தளர்ந்த நிலையில், இறைவன் அடியோடு வெறுத்துவிட்டாரோ என்னும் ஐயத்தோடு நூல் முடிகிறது. அந்த ஐயமும் இறைவனை நோக்கியே எழுப்பப்படுகிறது.

கையறுநிலை கண்ட தமிழ்க் கவிஞர்க்கு இந்நெறி அயலானதன்று. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மாய்ந்தபோது, குடவாயிற் கீரத்தனார் அச்சாவிற்குக் காரணம் ஆராயவில்லை; பூத்து நின்ற முல்லையிடம் வினவினார். ஆற்றாமை முன்னிலையைத் தேடும் என்பதற்குப் புறநானூறு காட்டும் சான்று இது. முல்லை விடை கூறாது. கூறும் என்று புலவர் எதிர்பார்க்கவும் இல்லை. விவிலியப் புலம்பலோ கேட்பவர் ஒருவர் உண்டு என்று துணிந்து எழுகிறது. இரண்டிற்கும் இடையிலான வேறுபாடு அத்துணிவே. வீரமாமுனிவர் (1680–1747) மரியன்னையின் துயரைப் பாட அந்தாதியைத் தேர்ந்து, அந்நூலுக்கு ‘அன்னை அழுங்கல் அந்தாதி’ எனப் பெயரிட்டார். ஒரு பாடலின் முடிவு அடுத்ததன் தொடக்கமாகும் அவ்வடிவம், முடிந்தது என்று எண்ணுந்தோறும் மீளத் தொடங்கும் தாயின் துயருக்கு மிகவும் பொருந்துவது.

2004 டிசம்பர் 26, கிறித்து பிறப்பு விழாவிற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற திருப்பயணிகளை ஆழிப்பேரலை வாரிச் சென்றது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தண்டனை என்னும் விளக்கத்தை அக்கரையில் நிறுத்திப் பார்த்தல் வேண்டும். ஆலயத்தினுள் இருந்து உயிர் பிழைத்தவரினும் கரையில் நின்ற குழந்தை கொடிய பாவி என்று அவ்விளக்கம் சொல்லியாக வேண்டும். சீலோவாம் கோபுரம் சரிந்து 18 பேர் மாண்டபோது எழுந்த இதே எண்ணத்தை இயேசு வெளிப்படையாக மறுத்ததாக லூக்கா எழுதுகிறார். மாண்டவரின் குற்றத்தைத் தேடியோரை, தத்தம் மனத்தை நோக்கி அவர் திருப்பிவிட்டார். கோபுரம் ஏன் விழுந்தது என்பதற்கு அவர் விடை கூறவில்லை.

அவரும் சிலுவையில் கைவிடப்பட்டவராகக் கதறினார். அக்கதறல் 22ஆம் சங்கீதத்தின் தொடக்கம். கைவிட்டதாக எவரை நோக்கி முறையிட்டாரோ, அவரையே ‘என் தேவனே’ என்று விளித்தார். துன்பத்திற்குக் கிறித்தவம் தரும் இறுதி மறுமொழி இதுவே: இறைவன் துன்புறுவோரின் பக்கத்தில், அவர்தம் குரலிலேயே கதறுகிறார். உயிர்ப்பின் நம்பிக்கை அக்கதறலை அழிப்பதில்லை. உயிர்த்தவரின் உடலிலும் தழும்புகள் இருந்தன என்று யோவான் எழுதியிருப்பது எண்ணத்தக்கது.

இதனைப் பொறுமைப் பாடமாகச் சுருக்குதல் தகாது. பிறர் இழைத்த கொடுமைக்கு ஆளானவரிடம், அது அவருடைய சிலுவை, சுமக்கட்டும் என்பது யோபுவின் நண்பர்கள் பேசிய பேச்சு. முறையீடு அநீதியை அநீதி என்றே பெயரிட்டு அழைக்கும்.

இரங்கற்பா எழுதும் கவிஞரும், துயர்வீட்டின் வாயிலில் நிற்கும் அன்பரும் விளக்கத்தோடு விரைதல் வேண்டா. முதலில் அந்த ஏழு நாள் மௌனம் வேண்டும். அதன்பின் பேச நேர்ந்தால், துன்புறுவோரைப் பற்றிப் பேசுவதினும் அவரோடு சேர்ந்து முறையிடுவது மேல். அம்முறையீட்டிற்குச் சொல் அமைத்துத் தருவது கவிஞர் கடன்.