மொட்டையடிக்கும் முன் நாலு வார்த்தை
(பூங்கா பராமரிப்புக் கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பூங்காத் தென்னையிலிருந்து தேங்காய் கார் மேல் விழுகிறது. வேப்பங்கிளை மின்கம்பியில் உரசுகிறது. ரெண்டையும் ஒரே நாளில் மொட்டையடித்து விடலாம் என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. முடிவெடுக்கும் முன் நாலு வார்த்தைக்கு அர்த்தம் பார்த்துவிடலாமுங்க.

முதலாவது, காழ். அதாவது வயிரம், கெட்டிப் பகுதி. உள்ளே கெட்டியாக இருப்பது மரம், வெளியே கெட்டியாக இருப்பது புல் என்று தொல்காப்பியத்தின் மரபியல் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் வேம்பு மரம்; தென்னையும் பனையும் மூங்கிலும் புல். இன்றைய தாவரவியலிலும் வேம்பு இருவித்திலைத் தாவரம். தென்னை ஒருவித்திலை, நெல், கரும்பு, வாழையோடு சேர்ந்தது.

இரண்டாவது, கேம்பியம். வேம்பின் பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய வளர் அடுக்கு. தண்டைப் பருக்க வைப்பதும் வெட்டுக்காயத்தை மூடுவதும் அதுதான். தென்னைக்கு அது கிடையாதுங்க. தீபாவளிக்கு சீரியல் விளக்கு மாட்ட நாம் அடித்த ஆணியின் துளை ஆயுசுக்கும் ஆறாது. சிவப்புக் கூன்வண்டு முட்டை வைக்கத் தேடுவது இப்படிப்பட்ட காயத்தைத்தான்.

மூன்றாவது, குருத்து. வேப்பங்கிளையை வெட்டினால், உறங்கிக் கிடக்கும் மொட்டுகள் துளிர்க்கும். தென்னைக்கு வளரும் முனை உச்சியில் ஒன்றே ஒன்று. அந்தக் குருத்தை வெட்டினால் மரம் நின்றபடியே செத்துப்போகும்.

நாலாவது, கவாத்து. கவாத்து வேறு, மொட்டையடிப்பது வேறுங்க. வேம்பில் உரசுகிற கிளையை மட்டும், தண்டோடு சேருமிடத்தில் தடித்திருக்கும் கழுத்துப் பகுதியைக் காயப்படுத்தாமல், அதற்கு வெளியே அறுக்க வேண்டும். கம்பிக்குப் பக்கம் என்பதால் மின்வாரியத்துக்குச் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே ஆளை ஏற்றணும்.

தென்னைக்குக் கவாத்தே வேண்டாம். காய்ந்த மட்டையும் பன்னாடையும் எடுத்தால் போதும். பச்சை மட்டையை வெட்டியே ஆகணும் என்றால் தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்டச் சொல்லுங்க. ஏறுவதற்குத் தண்டில் படி கொத்த விட வேண்டாம்.

தேங்காய் விழும் பிரச்சினைக்கு என் யோசனை இதுதான்: 45 நாளைக்கு ஒருமுறை ஆள் விட்டு முற்றின குலைகளை இறக்கிவிடலாம். அதுவரை அந்த நிழலில் காரை நிறுத்த வேண்டாம். ஏறுகூலியைச் சங்கக் கணக்கில் எழுதலாமா என்று இப்போதே முடிவு செய்யுங்க. பிள்ளை என்று சொல்லி நட்டு வளர்த்த மரமுங்க அது.